ஊர் நன்றாக இருக்கக் கூடாது

"லைட்டு போயிட்டு ஹபீபா! ஊரு பூரா இருட்டு!"

அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஹபீபா தலைக்கு மேலே பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தாராவியில் லைட்டு போகவில்லை. போனது, அவள் கணவர் மன்சூர் அலி லேப்டாப்பில் கட்டி ஆண்டுகொண்டிருக்கும் ஊரில்.

"என்னங்க இது! முந்தாநேத்து தண்ணி வரலன்னீங்க, இன்னிக்கி லைட்டா?" என்று வந்து எட்டிப் பார்த்தாள்.

"எவனோ பவர் ஹவுஸ் வயரப் புடுங்கின மாதிரில்லா இருக்கு. ஆஸ்பத்திரி, ஸ்கூலு, மெட்ரோ எல்லாம் பந்த். அஞ்சு லட்சம் சனம் என்ன செய்யும், சொல்லு?"

"பாவம். வெரசா சரி பண்ணுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். இனி சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னால்தான் எழுந்திருப்பார். ஹபீபாவுக்கு அப்பாடா என்றிருந்தது. வயரைப் பிடுங்கியதே அவள்தானே!

வேறென்ன செய்வாள்? தோல் பை தைக்கிற கார்கானாவில் பசை நெடியையும் தூசியையும் இழுத்து இழுத்து மன்சூரின் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தொழிலைத் தம்பி தௌஃபீக்கிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த மனிதருக்குக் கையும் காலும் பரபரத்தன. கல்யாண் நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் சஃப்ரீன்தான், தன் பழைய லேப்டாப்பில் இந்த விளையாட்டைப் போட்டு, இருவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆரம்பத்தில் மனிதர் சோறு தண்ணியை மறந்தார். ஒரு தெரு, நாலு வீடு, ஒரு பம்ப்செட்டு என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஊர் வளர வளர அவருக்குச் சுரத்துக் குறைந்தது.

"எல்லாம் தன்னால ஓடுது. கஜானா நெறைஞ்சு வழியுது. ஒருத்தன்கூட கொறை சொல்ல மாட்டேங்கான். இதுல என்னத்த வெளையாட?" என்று கொட்டாவி விட்டார். மறுநாளே நைசாகக் கார்கானாவுக்குப் போய், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். ஹபீபா நடுங்கிப்போனாள்.

ஊரில் குறை இருந்தால்தானே இவர் வீட்டில் தங்குவார்! அன்றிலிருந்து, அவர் மத்தியானம் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து அவள் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். பாலத்தை இடித்தாள். குப்பை லாரிகளை நிறுத்தினாள். ஆற்றோரத்துப் பங்களாக்காரர்களின் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கியபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. குடத்தோடு வரிசையில் நின்ற கோபத்தையெல்லாம் அவர்களிடம் தீர்த்துக்கொண்டாள். மகள் போன பிறகு அவள் இப்படிச் சிரித்ததே இல்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்காது. கீழே இரும்புப் படியில் இருமல் கேட்கும். அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். சட்டென்று லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களைக்கு ஓடுவாள். ஓடும்போதே மனசு அடித்துக்கொள்ளும். இத்தனை மாதமாகியும் இருமல் விடவில்லையே! கார்கானா நினைப்பே வராதபடி நாளைக்கு இன்னும் பெரிதாக எதையாவது கெடுக்க வேண்டும்.

ஒரு நாள், அணையின் கதவை எப்படித் திறப்பது என்று அவள் திணறிக்கொண்டிருந்தபோது இருமல் கேட்டது. லேப்டாப்பை மூட மனமில்லாமல் அவள் இன்னும் தட்டிக்கொண்டிருக்க, அன்றைக்கு அது ஓயவே இல்லை. இருமின இருமலில் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டாள். அதற்கு மேல் ஹபீபா பொறுக்கவில்லை. மாட்டுங்காவிலிருக்கும் டாக்டர் விசாலாக்ஷியிடம் கணவரை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கே! போன தடவையே இவர்ட்ட சொன்னேனே, மாஸ்க் போட்டுண்டு தாராளமா கார்கானாவுக்குப் போலாம்னு."

ஹபீபா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சீலிங்கைப் பார்த்தார்.

"அப்ப இந்த இருமல், டாக்டர்?"

"எப்பெப்போ வர்றது?"

"பள்ளிவாசலுக்குப் போயிட்டு எங்க வீட்டுப் படியேறும்போது மட்டுந்தான்."

"இங்கேயும் மூணு மாடி ஏறித்தானே வந்தேள்? இருமினாரா?"

இல்லை. ஹபீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. மருந்து எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் ஹபீபா அவரை மறித்து நின்றாள். "நெஞ்சு சரியாயிட்டுன்னு ஏன் எங்கிட்ட சொல்லல? கார்கானாவுக்கும் போகல. அந்த ஊர விட்டு எந்திரிக்க மாட்டேங்கீங்க. அம்புட்டு பிடிச்சிருக்கா?"

"ஊரா? அது எனக்கு எப்பவோ அலுத்துட்டு புள்ள." மன்சூர் சிரித்தார். "இன்னிக்கி ஏம் பொண்டாட்டி என்னத்த ஒடைச்சிருப்பான்னு பாக்கத்தான் தெனமும் தொறக்கேன்."

ஹபீபா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்தே கேட்டாள். "அப்ப அந்த இருமல்?"

"பின்ன? நான் சத்தங்காட்டாம வந்து நின்னா, நீ எப்படி லேப்டாப்ப மூடுவ?"