எதிர்க்காற்று

குளிர்காலத்தில் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு மலையேறுவது பந்தய வீரன் அந்த்ராஷின் வழக்கம். அன்று அவனுக்கு முன்னால் முதுகுப்பையோடு ஒரு பெண் முழங்கால் ஆழப் பனியை மிதித்து வழி போட்டுக்கொண்டே ஏறினாள். காற்று படாமல் அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டான். முன்னால் போகிறவர் முதுகை மறைப்பாக்கிக்கொள்வது பந்தயத்தில் பழகிய புத்தி.

"கொஞ்ச தூரம் நீங்க முன்னாடி போறீங்களா தம்பி?"

"மூச்சு வாங்குதுக்கா. நீங்களே போங்க."

உச்சியில் விடுதி தெரிந்ததும் அவளை முந்தி ஓடி, கோப்பை வென்றவன் போல வாசலில் இரு கைகளையும் உயர்த்தினான்.

"பசி உயிர் போகுது. சூப் இருக்கா?" என்றான் உள்ளே போய்.

"சமையல்காரம்மா வரட்டும். உருளைக்கிழங்கே அவங்கதான் தூக்கிட்டு வரணும்," என்றார் விடுதிக்காரர்.

கதவு திறந்தது. அவள்தான். கனத்த பையை இறக்கினாள்.

"முதல் தட்டு இந்தத் தம்பிக்கு. பாவம், மூச்சு வாங்குதுன்னாரு."

வாசலில் உயர்த்திய கைகளை ஒளித்துக்கொள்ள அவனுக்கு மேஜையின் அடிதான் கிடைத்தது.