இருபத்தாறு பாகை

ஆறு நாட்களாக அவள் பக்கத்து வீட்டு மீன்களுக்குச் சாப்பாடு போடுகிறாள்.

இன்று காலை லைட்டைப் போட்டதுமே தெரிந்துவிட்டது.

மீன்கள் மேலே வரவில்லை.

வழக்கமாக அவளுடைய நிழல் கண்ணாடியில் விழுந்தாலே போதும். ஐந்தும் வாயைத் திறந்துகொண்டு முட்டிமோதி வரும். இன்று நான்கு மீன்கள் தண்ணீரின் நடுவில் அப்படியே நின்றன. ஐந்தாவது, கறுப்புக் கோடு போட்ட பெரியது, அடியில் கூழாங்கற்களின் மேல் சாய்ந்து கிடந்தது.

செவுள் அசைந்தது. மெதுவாக.

கோட்டைக் கழற்றாமல் அதன் கையை மட்டும் மடித்துவிட்டு விரல்களைத் தண்ணீருக்குள் விட்டாள்.

குளிர்.

தொட்டி ஹீற்றரின் குமிழைத் திருப்பினாள். இருபதிலிருந்து இருபத்தாறுக்கு. அதன் சிவப்பு விளக்கு எரிந்தது.

இருபதில் வைத்ததும் அவள்தான்.

மகள் பின்னால் வந்து நின்றாள். ஏழு வயது. கம்பளித் தொப்பி, கழுத்துத் துணி. தொட்டிக் கண்ணாடியில் கன்னத்தை வைத்தாள். முதல் நாளிலிருந்தே அது அவளுடைய இடம்.

உடனே கன்னத்தை எடுத்துக்கொண்டாள். சூடு இல்லை என்றாள். இருமினாள்.

யாழ்ப்பாணம் புறப்படும்போது பக்கத்து வீட்டுச் சுகிர்தா அக்கா அதிகம் சொல்லவில்லை. ஒரு சிட்டிகை சாப்பாடு போதும். வீட்டு ஹீற்றிங்கை நிறுத்திவிட்டுத்தான் போகிறார். தொட்டியில் இருப்பது தானாகவே வேலை செய்யும்.

தானாகவே.

அந்தச் சொல்தான் அவளை விடவில்லை.

தண்ணீர் கொஞ்சம் ஆறினால் விளக்கு எரிகிறது. சூடானதும் அணைகிறது. நடுவில் யாரும் காசு ஏறுகிறதா என்று காஸ் மீற்றரைப் போய்ப் பார்ப்பதில்லை. யாரும் யாரிடமும் இன்னொரு சுவெற்றர் போடு என்று சொல்வதில்லை.

சுகிர்தா அக்காவும் அப்படித்தான். தை மாதக் குளிரிலும் வெறுங்காலோடு வந்து கதவைத் திறப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது அவளுடைய கண் அந்தக் கால்களுக்கே போகும்.

இரண்டு பேரும் ஒரே வருடம் லண்டனுக்கு வந்தவர்கள்.

காஸ் விலை ஏறியபோது அவள் முதலில் தன் வீட்டு முன்னறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மூடினாள். பிறகு தங்கள் அறையை. கடைசியாக மகளின் அறையை. இந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குக் குளிர் கூடாது, அறை பதினெட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று நேர்ஸ் சொன்னபோது தலையாட்டினாள். நேர்ஸிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. சுகிர்தா அக்காவிடம் சொல்வதைவிடச் சாகலாம் என்று நினைத்திருந்தாள்.

நேற்று மாலை, இங்கேயே படுக்கலாமா என்று மகள் கேட்டாள். மீன்களோடு. சத்தம் போடமாட்டேன் என்றாள்.

அவள் மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டுக் குமிழைத் திருப்பினாள்.

கொல்ல நினைக்கவில்லை.

ஒரே ஓர் இரவு. இவையும் கொஞ்சம் குளிரட்டும்.

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவள் கையைத் துடைப்பதற்குள் மகள் எடுத்துவிட்டாள்.

சுகிர்தா அக்கா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருக்க முடியாத வெக்கை என்றார். தங்கையின் கல்யாணம் குறையில்லாமல் முடிந்தது என்றார். பிறகு மீன்களைக் காட்டச் சொன்னார்.

அவள் போனை வாங்கித் தொட்டியின் மேல்பாதியைக் காட்டினாள்.

பெரியவன் எங்கே என்று கேட்டார்.

போனைக் கீழே இறக்கி, அடியில் கிடந்ததைக் காட்டினாள்.

சுகிர்தா அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

வெப்பமானி எவ்வளவு காட்டுகிறது என்றார். இருபத்தொன்று என்றாள். ஹீற்றர் பழுதாகிவிட்டது என்று சுகிர்தா அக்கா தானே முடிவு செய்தார். மலிவாகக் கிடைத்ததை வாங்கியது தன் பிழை என்றார். குரல் உடைந்தது.

ஒரு மீனுக்காக.

அவள் சிவப்பு விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வாளியில பிடிச்சு உம்மட வீட்டை கொண்டு போம். ரேடியேட்டருக்குப் பக்கத்தில வையும். சின்னப்பிள்ளை இருக்கிற வீடு, எந்த நேரமும் சூடாத்தானே இருக்கும்."

மகளுக்குச் சந்தோஷம். வாளி எடுக்கக் குசினிக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

அவள் விளக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"எங்கட வீட்டில வச்சால் செத்துப்போகும், அக்கா."