விழுந்து விழுந்து

"இதோ பார், படம் முடியறதுக்குள்ள நீ ஒரே ஒரு தடவை சிரிச்சாப் போதும். நாளைக்கே அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடறேன்."

"சிரிக்கலேன்னா?"

"விட்டுடறேன். அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். உன் மேல சத்தியம்."

"உங்க மேலேயே பண்ணுங்க."

"சரி, என் மேலேயே சத்தியம்."

தியேட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. பேசியது எங்கள் வரிசையில் இருந்த ஒரு தம்பதி. அண்ணிக்கு அடுத்த இருக்கையில் அந்த அம்மா. அவருக்கு அப்பால் அவர் கணவர்.

அண்ணி என் பக்கம் சாய்ந்தாள். "கேட்டியா? ஒரு சிரிப்புக்கு ஒரு வேலையாம். எவ்வளவு சுலபம்!"

"அண்ணி, மெதுவா."

"உங்க அண்ணன் மட்டும் என்கிட்ட இப்படிக் கேட்டிருந்தா, டிக்கெட் வாங்கும்போதே சிரிச்சிருப்பேன்."

படம் ஆரம்பித்தது. எங்கே போனாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. நின்றபடியே தூங்கிப்போகும் ஒரு கோல்கீப்பரின் கதை. கூட ஆடுபவர்கள் அவனைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

வலைக்கு முன்னால் நிற்பான். கண் சொக்கும். மைதானம் மேகமாக மாறும். பந்து ஒரு குட்டி நிலாவாகி மிதந்து மிதந்து வரும். அதைத் தொட எம்புவான். கனவு கலையும்போது தரையில் பொத்தென்று கிடப்பான். அவன் எந்தப் பக்கம் விழுந்தானோ, பந்தும் சரியாக அந்தப் பக்கமே வந்து அவன் முதுகில் பட்டுத் திரும்பிப் போகும்.

முதல் தடவை வெட்டின வாழை மாதிரி விழுந்தான். அடுத்த தடவை கொடியிலிருந்து நழுவுகிற ஈரத்துணி மாதிரி. அதற்கடுத்த தடவை உருண்டு வலைக்குள் சிக்கி, வலையையே போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு மிச்சத் தூக்கத்தைத் தூங்கினான்.

அரங்கமே அதிர்ந்தது.

"என்னமா நடிக்கறான்டி! உடம்புல எலும்பே இல்ல போல." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவனுக்கு விருது குடுக்கலேன்னா யாருக்குக் குடுப்பாங்க?"

அந்தக் கணவரும் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்து அல்ல, மனைவியின் முகத்தைப் பார்த்து.

அந்த அம்மா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். தூங்குமூஞ்சி எம்பும்போதெல்லாம் கைக்குட்டையை விலக்கி, "தாடை... தாடை..." என்று முணுமுணுத்தார். விழுந்ததும் மறுபடி கைக்குட்டை.

"மந்திரம் போடறாங்க" என்றாள் அண்ணி. "சிரிப்பு வராம இருக்க."

இடைவேளையில் அந்தக் கணவர் குனிந்து கேட்டார். "இதுவரைக்கும் ஒண்ணும் வரலையா?"

"ஊஹூம்."

"உதட்டோரமா ஏதோ லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சே?"

"அது கொட்டாவி."

அவர் முகம் விழுந்துவிட்டது. பாப்கார்ன் பொட்டலத்தை மனைவியின் மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கல்நெஞ்சுக்காரி" என்று அண்ணி என் காதில் பொருமினாள். "புருஷன் ஒரு வேலைக்கு இப்படித் தவிக்கறான். பல்லைக் காட்டினா கொட்டியா போயிடும்? இவங்க முகத்துக்கு அந்தத் தூங்குமூஞ்சியே தேவலை. உம்மணாமூஞ்சி!"

கடைசி ஆட்டம். கடைசி நிமிடம். தூங்குமூஞ்சியின் கண் சொக்கியது. வழக்கத்தைவிடப் பெரிய நிலா. அவன் ஓடி, கம்பத்தில் கால் வைத்து ஏறி, அங்கிருந்து பின்பக்கமாக அப்படியே காற்றில் சாய்ந்தான். படம் மெதுவானது. சத்தம் நின்றது. வெள்ளி வெளிச்சம் எங்கள் எல்லோர் முகத்திலும் தண்ணீர் மாதிரி அசைந்தது. அவனோடு சேர்ந்து நானும் இருக்கையை விட்டு ஒரு விரற்கடை மிதந்ததாகவே தோன்றியது.

"தாடை" என்றது பக்கத்துக் குரல்.

பொத்!

பந்து அவன் வயிற்றில் விழுந்து நின்றது. அவன் அதை அணைத்துக்கொண்டு குறட்டை விட்டான். சிரிப்பில் ஒருவர் நாற்காலியிலிருந்தே சரிந்துவிட்டார்.

அந்த அம்மா முகம் முழுவதையும் கைக்குட்டைக்குள் புதைத்திருந்தார். தோள்கள் குலுங்கின.

"அழறாங்களா?" என்றாள் அண்ணி, கொஞ்சம் பயந்து.

விளக்குகள் எரிந்தபோது அந்த முகம் மறுபடி கல்லாக இருந்தது.

"தோத்துட்டேன்" என்றார் கணவர்.

"சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு, இருக்கு." முன்னிருக்கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். "கூட்டம் குறையட்டும், நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அண்ணியால் அதற்கு மேல் முடியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கலாமில்ல? பாவம், அவருக்கு ஒரு வேலை. அந்த ஹீரோ அத்தனை தடவை விழுந்தும் உங்களுக்கு மனசு இறங்கலையே!"

"ஹீரோ எங்கம்மா விழுந்தார்?"

"இப்பத்தானே பார்த்தோம்!"

"முகம் தெரியற இடமெல்லாம் ஹீரோ. முதுகு தெரியற இடமெல்லாம் எங்க வீட்டுக்காரர்." அந்த அம்மா வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அவர் கணவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். "விழும்போது தாடையை நெஞ்சோட ஒட்டிக்கணும். இல்லேன்னா பின்மண்டையில அடிபடும். இவருக்கு அது மறந்து மறந்து போயிடும்."

அண்ணியின் குரல் உள்ளே போய்விட்டது. "அப்ப அந்த வேலை...?"

"அடுத்த படம். மொட்டை மாடியிலேர்ந்து."



"அதான் உங்களுக்குச் சிரிப்பே வரலையாக்கா?" என்றேன் நான்.

அந்த அம்மா அவர் தூரத்தில் இருக்கிறாரா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். கைக்குட்டையின் ஓரமெல்லாம் கடித்துக் கடித்து நைந்திருந்தது.

"வராம என்ன? அடக்கி அடக்கி வயிறே வலிக்குது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சுக்கறேன். இங்க சிரிச்சிருந்தா, அவர் மறுபடியும் விழப் போயிடுவாரேம்மா!"