உறை போட்ட பாட்டில்

போன புனித பர்பாரா பண்டிகைக்கு முந்தின நாள், அன்றைக்கென்றே செய்கிற இனிப்புக் கோதுமை அடுப்பில் வெந்துகொண்டிருந்தபோது என் நாத்தனார் வர்தேதான் இதை முதலில் என்னிடம் சொன்னாள்.

"அண்ணி, பெய்ரூட்டுலேர்ந்து வந்த அந்தப் பெரிய மனுஷன் நக்லே அண்ணன் வீட்டுல பாட்டில் திருடிட்டுப் போயிட்டான்."

"யாரு, உஸ்தாத் காமிலா? பெரிய ஹோட்டலுக்கெல்லாம் ஒயின் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவராச்சே."

"அவனேதான். எல்லார் கண்ணு முன்னாடியும்."

நக்லே எங்கள் ஸஹ்லே ஊரில் ஒயின் வடிக்கிறவர். இந்த வருஷச் சரக்கைக் காமில் எடுத்துக்கொண்டால்தான் திராட்சைத் தோட்டம் அவர்கள் கையில் நிற்கும். அதற்காகவே நக்லேயின் மனைவி நுஹாத், ருசி பார்க்கும் மாலை என்று ஒன்றை ஏற்பாடு செய்திருந்தாள். ஒவ்வொரு ஒயினுக்கும் ஊத் என்கிற தந்தி வாத்தியத்தில் ஒரு தனி மெட்டு.

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க," என்றாள் வர்தே. "பாட்டிலுக்கெல்லாம் துணி உறை. காமில் கைக்கு வந்ததை எடுப்பான். நுஹாத் முதல்ல மோந்து பார்த்து, ஊத் வாசிக்கிற ஜிரியெஸ் காதுல என்னமோ சொல்லுவா. அவர் வாசிப்பார். அதுக்கப்புறம்தான் நக்லே அண்ணன் வாயைத் திறந்து, இது எந்தத் தோட்டம், என்ன வாசனைன்னு சொல்லணும். சொன்னதும் காமில் உறையைக் கழற்றி லேபிளைக் காட்டுவான். கட்டின புருஷன் பேசறதுக்கு மேளதாளம் வேணுமாம் அவளுக்கு. நாங்கல்லாம் சிரிச்சுக்கிட்டோம்."

"எதுக்கெடுத்தாலும் ரசனை பேசற மதாம் ஓதெட் வந்திருந்தாளா?"

"அவ வராமலா? ஊத் ஆரம்பிச்சதும் கண்ணை மூடிக்கிட்டு, 'எனக்கு ஒயின் காது வழியா இறங்குது'ன்னா. 'அப்ப கிளாஸை இப்படிக் குடு'ன்னு அவ புருஷனே வாங்கிக் குடிச்சிட்டார்."

முதல் இரண்டு பாட்டில்கள் நல்லபடியாகப் போயின. இரண்டையும் நக்லே சரியாகச் சொன்னார். மூன்றாவதுக்கு ஜிரியெஸ் கை வைத்தாரோ இல்லையோ, ஒரு தந்தி டங்கென்று அறுந்தது. பாவம், பதறிப்போய் மீதித் தந்திகளில் கைக்கு வந்த மெட்டை வாசித்துவிட்டார்.

நக்லே தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என் மேல்தோட்டம். காய்ஞ்ச அத்திப்பழம். பின்னாலயே தேவதாருப் புகை."

"புகை, புகை," என்றார் விருந்துக்கு வந்திருந்த பல் டாக்டர். "எனக்குக் கண்ணே எரியுது."

"அந்த டங் சத்தத்துலயே எனக்கு அத்திப்பழம் வந்துடுச்சு," என்றாள் மதாம் ஓதெட். "வேணும்னுதானே அறுத்தீங்க, ஜிரியெஸ்? என்ன நுணுக்கம்."

ஜிரியெஸ் அறுந்த தந்தியைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தார்.

காமில் தன் கிளாஸைக் கையில் எடுத்தார். மோந்தார். ஒரு வாய் குடித்தார். மறுபடியும் மோந்தார். நக்லேயைப் பார்த்தார். சுவரோரம் நின்ற நுஹாத்தைப் பார்த்தார்.

"உறையைக் கழற்றுங்க, உஸ்தாத்," என்றார் பல் டாக்டர்.

"எதுக்கு? வடிச்சவரே சொல்லிட்டார். அத்திப்பழம், தேவதாரு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

சொல்லிக்கொண்டே கார்க்கை அழுத்தி மூடினார். பாட்டிலை உறையோடு கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"இது எனக்கு."

"பாதி பாட்டில், அண்ணி," என்றாள் வர்தே. "வீட்டுக்காரர் குடுக்கவுமில்ல, இவன் கேக்கவுமில்ல. கார்ல ஏறற வரைக்கும் கோட்டு மேலேர்ந்து கையை எடுக்கலையே. நம்ம ஊர்ல கல்யாண வீட்டு இனிப்பைக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டுப் போறவளே தேவல."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அந்த மனிதருக்கு நல்ல புத்தி கொடுக்கச் சொல்லி ராத்திரி ஜெபத்தில் ஒரு வார்த்தை சேர்த்தும் வைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்து நுஹாத் எங்கள் வீட்டுக்குக் கோதுமை சாப்பிட வந்தாள். வர்தே சும்மா இருப்பாளா?

"என்ன நுஹாத், உங்க பாட்டில் திருடன் சௌக்கியமா?"

நுஹாத் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவரை அப்படிச் சொல்லாதே, வர்தே. அந்தப் பாட்டில் மேல்தோட்டமே இல்லை. கீழ்த்தோட்டம். அதுல அத்தியும் கிடையாது, புகையும் கிடையாது."

"ஐயோ, நானும்தானே புகைன்னு சொன்னேன்."

"எல்லாரும்தான் சொன்னீங்க. போன குளிர்காலத்துல வந்த காய்ச்சலோட எங்க வீட்டுக்காரருக்கு வாசனையே போயிடுச்சு. அடுப்புல பால் தீஞ்சாக்கூடத் தெரியாது. மூக்கு போன ஆள் வடிச்ச ஒயினை யார் வாங்குவா? அதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெட்டு. நான் மோந்து ஜிரியெஸுக்குச் சொல்றேன், மெட்டு இவருக்குச் சொல்லுது. எதுக்குன்னு ஜிரியெஸுக்குக்கூடத் தெரியாது. அன்னிக்கு மெட்டு மாறிடுச்சு."

"அப்ப காமில்..."

"உறையைக் கழற்றியிருந்தா லேபிள் சொல்லியிருக்கும். கார்ல ஏறும்போது கோட்டைத் தட்டிக் காட்டி, 'இது கீழ்த்தோட்டம்தானே? இதையே மொத்தமா அனுப்புங்க, மதாம். பாவம், தப்பாச் சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம்'னார். இவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

வர்தே அதற்கப்புறம் பேச வாயில் இடமில்லாதபடி கோதுமையை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஈஸ்டர் கழிந்து அடுத்த மாலை வைத்திருக்கிறார்கள். நீங்கள் பெய்ரூட் பக்கம் போனால் ஊத் தந்தி ஒரு செட் வாங்கி வாருங்கள். யாருக்கென்று கேட்டால் ஜிரியெஸுக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.