பந்தி முடியும் வரை

போன உலகப்போர், தூதர்கள் பேச்சுவார்த்தையின் பாதியில் எழுந்துபோனதால் மூண்டது. அதில் கணவனை இழந்தவள் செண்பகவல்லி. இப்போது பகைநாட்டுத் தூதர்கள் அவளைப் போன்றவர்களின் வீட்டில் சாப்பிட்டபடிதான் பேசவேண்டும் என்பது சட்டம்.

அன்று அவள் வீட்டுப் பந்தியில், சாம்பார் சோற்றிலேயே ஒரு நாட்டுச் சர்வாதிகாரியின் தூதர் கொதித்தார். “இனிப் போர்தான்!” என்று எழப்போனார்.

“உட்காருங்க தம்பி. பந்தியில எல்லாரும் முடிச்சாத்தான் எந்திரிக்கணும்” என்றாள் செண்பகவல்லி.

கடைசி இலையில், அவள் வேண்டுமென்றே உட்காரவைத்த கொழுந்தன் மாசானமுத்து. ஒரு அப்பளத்தை அரைமணி நேரம் தின்பவர்.

“மதினி, இன்னும் கொஞ்சம் சோறு.”

எதிரி நாட்டுத் தூதர் வாய்விட்டுச் சிரித்தார். சர்வாதிகாரியின் தூதருக்கும் அது தொற்றிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள்.

வலக்கையெல்லாம் பாயசமாக, இருவரும் இடக்கையால் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது செண்பகவல்லிக்குக் கண் நிறைந்தது.

மாசானமுத்து இன்னும் ரசத்துக்கே வந்திருக்கவில்லை.