ஒரு சடை பாக்கி

"ஒரு தடவை பட்ஜெட் அன்னிக்கு மொத்தச் சட்டசபையும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தது. நான் வீட்ல உக்காந்து பாப்பாவுக்குச் சடை பின்னிக்கிட்டு இருந்தேன்."

அப்பா ஆரம்பித்துவிட்டார். பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். பாப்பா என்றால் இப்போது பல் டாக்டர். பக்கத்துக் கிளினிக்கில் கண் டாக்டராக இருக்கும் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது; சம்பந்தம் பேச இன்றுதான் அவன் தன் அப்பாவை அழைத்து வந்திருந்தான். காலையிலேயே அப்பாவிடம் அவள் கெஞ்சியிருந்தாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அளந்து விடாதீங்க. அவங்கப்பாவுக்கு எது வேணா ஆகும், பொய் மட்டும் ஆகாது. மாப்பிள்ளை வயசுல ஒண்ணு குறைச்சுச் சொன்னதுக்கே, தன் பொண்ணுக்கு வந்த சம்பந்தத்தை வேண்டாம்னுட்டு எழுந்து போனவராம்."

"நானா? அளக்கிறதா?" என்று மார்பில் கை வைத்துக் கேட்டார் அப்பா.

அப்பா நிதித்துறைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கக் கணக்கில் ஒரு காசு பிசகாத மனிதர், வீட்டுக்குள் துரும்பைத் தூணாக்கிவிடுவார். "சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒரு பூஜ்யம் கூட அதிகமாப் போட்டதில்ல. சேத்து வெச்ச பூஜ்யத்தையெல்லாம் இப்ப கதையில போடறாரு" என்பது அம்மாவின் தீர்ப்பு.

பையனின் அப்பா நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவரும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். என்ன வேலை என்று கேட்க, அப்பா வாய் மூடினால்தானே. வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்க சுவர்க் கடிகாரம் கொஞ்சம் முந்துது." அதற்கப்புறம் வலது தோளை அவ்வப்போது நீவிவிட்டபடி, இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சட்டசபை யாருக்காகவும் காத்திருக்காது சார்," என்றார் இப்போது.

"எனக்காகக் காத்திருந்தது சார். பட்ஜெட் உரை பெட்டிக்குள்ள. பெட்டிச் சாவி என் சட்டைப் பையில. நான் போகாம மந்திரி எதைப் படிப்பாரு?"

"உங்க வீட்டம்மா பின்னி விட மாட்டாங்களா?"

"சின்னவன் பிறந்திருந்தான். அவ ஆஸ்பத்திரியில. இங்க பாப்பாவுக்குப் பள்ளிக்கூட நாடகத்துல ராணி வேஷம். ராணிக்கு ரெட்டைச் சடை. ஃபைல் கட்டுற நாடாவை வெச்சு ஒரு வாரமாப் பழகினேன் சார். எங்க டிபார்ட்மென்ட்ல எவனாலயும் ஒரு ஃபைலைப் பிரிக்க முடியல. அத்தனைக்கும் சடை போட்டு வெச்சிருந்தேன்."

பையன் சிரித்தான். அவனுடைய அப்பா சிரிக்கவில்லை. "உங்க சின்னவனுக்கு இப்ப என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

அவர் மனதுக்குள் எதையோ கணக்குப் போட்டுப் பார்த்தார். "மேல சொல்லுங்க."

இது போதாதா அப்பாவுக்கு. "மந்திரியே போன் பண்ணாரு. 'எங்கய்யா இருக்கே?'ன்னாரு. 'ஒரு சடை பாக்கி ஐயா. பட்ஜெட் அடுத்த வருஷமும் வரும், என் பொண்ணு மறுபடி ஒண்ணாங்கிளாஸ் படிக்க மாட்டா'ன்னேன். அந்தப் பக்கம் மனுஷன் தேம்பித் தேம்பி அழறாரு. 'முடிச்சிட்டே வா, சபையை நான் பாத்துக்கறேன்'னாரு. சொன்னாரே தவிர மனசு கேக்கல. ரிப்பனை வாங்கிக்கிட்டு அவரே வாசல்ல வந்து நின்னுட்டாரு."

அம்மா அப்பாவின் காலை அழுத்தி மிதித்தாள்.

"மந்திரி வந்தாரா?" என்றார் பையனின் அப்பா.

"வந்த மாதிரிதான். அவரோட டிரைவர் வந்தான்."

"ரிப்பனோட?"

"ரிப்பன் வீட்லயே இருந்துச்சு."

பாப்பாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சடை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்று காதுக்கு மேலே ஏறியும் ஒன்று கழுத்துக்குக் கீழே இறங்கியும் நின்றதால், அன்று மேடையில் ராணி தலையைச் சாய்த்தபடியேதான் ஆட்சி செய்தாள். மற்றதற்கு யார் சாட்சி?

பையனின் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் பட்ஜெட் அன்னிக்கு நானும் சட்டசபையிலதான் டியூட்டியில இருந்தேன் சார். சபையில மாட்டியிருக்கிற கடிகாரம் பதினொண்ணு காட்டினாத்தான் சபை கூடும். அன்னிக்கும் சரியாப் பதினொண்ணுக்குத்தான் கூடுச்சு. அவைக் குறிப்புலயும் அப்படித்தான் இருக்கு."

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் மகளைப் பார்த்தார், பிறகு பையனின் அப்பாவைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் அப்படி இப்படி இருக்கும் சார். தள்ளிடுங்க. ஆனா என் பொண்ணுக்குச் சடை பின்னிட்டு நான் லேட்டாப் போனது நிஜம். அதுக்காக அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

பையனின் அப்பா எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவர் வாசலுக்குப் போயிருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சபைக் கடிகாரத்தைப் பாத்துக்கிறதுதான் முப்பது வருஷம் என் உத்தியோகமா இருந்துச்சு," என்றார், வலது தோளை நீவிவிட்டபடி. "நிதிச் செயலாளர் வர்ற வரைக்கும் பதினொண்ணு அடிக்கக் கூடாதுன்னு மந்திரி என்னை ஏணியில ஏத்தி விட்டுட்டாரு. பெண்டுலத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன வலி இன்னும் போகல. ஒரு சடை பின்ன அவ்வளவு நேரமா, சம்பந்தி?"