எண்ணிப் படித்தவர்

"அந்த புரோகிராமர் யாருன்னு விசாரிக்கச் சொன்னேனே, விசாரிச்சீங்களா?"

மீட்டிங் அறையில் மேனேஜர் அதட்டலாகக் கேட்டார். நாங்கள் ஒன்பது பேரும் அக்காவைப் பார்த்தோம். எங்கள் டீமில் எல்லோருக்கும் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அக்கா. டீம் லீடர் பதவிக்கு அவர் பெயர்தான் மேலிடத்துக்குப் போயிருந்தது.

"விசாரிச்சேன் சார். தப்பு அங்க இல்ல, என் மேலதான்" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நடந்தது இதுதான். லேபில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வெப் சர்வீஸ் எங்களுடையது. நாங்கள் புரோகிராம் எழுதினால் போதும். என்னென்ன தகவல், எந்த வரிசையில் போகும் என்கிற எக்ஸ்எம்எல் ஸ்கீமாவை சிஸ்டமே தானாகத் தயாரித்துவிடும். போன வாரம் நோயாளியின் அறை எண்ணைப் புதிதாகச் சேர்த்தோம். சிஸ்டம் அதைக் கொண்டுபோய் பெயருக்கும் வயதுக்கும் நடுவில் செருகிவிட்டது.

செருகினால் என்ன? ஒவ்வொரு தகவலும் 'நான் வயது', 'நான் சர்க்கரை' என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போகிறது. அதைப் பார்த்துப் படித்தால் ஒரு வம்பும் இல்லை. ஆஸ்பத்திரியின் சாஃப்ட்வேரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் படித்துத் தொலைத்தது. அறை எண் வயதானது. வயது சர்க்கரை அளவானது.

சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்த ஒரு அம்மாவுக்குத் திரையில் தெரிந்தது ஐம்பத்திரண்டு. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலையே கையில் எடுத்துவிட்டாராம். நல்லவேளை, 'வயது 214' என்று பக்கத்தில் இருந்தது அவர் கண்ணில் பட்டது.

"உங்க மேல என்ன தப்பு?" மேனேஜர் விடவில்லை. "எண்ணிப் படிக்கிறவன்லாம் ஒரு புரோகிராமரா? ஒரு உயிர் போயிருக்கும். அவன் பேரைக் குடுங்க. அவங்க எம்.டி., நம்ம எம்.டி., எல்லாருக்கும் மெயில் போடறேன். அவன்லாம் இந்தத் தொழில்லயே இருக்கக் கூடாது."

"வரிசையை நான் கட்டிப் போட்டிருக்கணும் சார். எது முதல்ல, எது அடுத்ததுன்னு புரோகிராம்லயே நம்பர் குடுத்திருந்தா, சிஸ்டம் தன் இஷ்டத்துக்குச் செருகியிருக்காது. நேத்தே சரி பண்ணிட்டேன். ஆஸ்பத்திரியிலயும் பேசிட்டேன், அவங்களும் பேரைப் பாத்துப் படிக்கிற மாதிரி மாத்திட்டாங்க."

உண்மை எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வரிசையைக் கட்டிப் போடலாமா என்று அக்கா போன வாரமே கேட்டார். 'அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும், நேரத்தை வீணடிக்காதீங்க' என்று சொன்னதே இந்த மேனேஜர் மகானுபாவர்தான். வேலை போனால் யார் கொடுப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்களே ஒத்துக்கிட்டப்புறம் நான் என்ன சொல்றது? எம்.டி.க்கு அப்படியே எழுதிடறேன். ஆனா டீம் லீடர் விஷயம்... இந்த வருஷம் நடக்காது."

"சரி சார்."

அவ்வளவுதான். ஐந்து வருஷமாகக் காத்திருந்த பதவி அரை நிமிஷத்தில் கைநழுவிப் போனது. அக்கா நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் மேஜைக்கே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா அக்கா? எவனோ எழுதினதுக்கு நீங்க ஏன் பழி சுமக்கணும்?"

"எண்ணிப் படிச்சது தப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா அது எழுதி பதினாலு வருஷம் ஆச்சு. எழுதினவர் அப்ப வெறும் ட்ரெய்னி. அந்தக் கம்பெனியையே எப்பவோ மூடியாச்சு. கைமாறிக் கைமாறி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்திருக்கு. எழுதினவருக்கே ஞாபகம் இருக்காது."

"அதுக்காக?"

"நான் ட்ரெய்னியா இருந்தப்ப எழுதினதை யாராவது தோண்டி எடுத்தா, நானும் தலைகுனிஞ்சுதான் நிக்கணும். உனக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

"இருக்கட்டும். மெயில் போயிருந்தா மானம் போறது அந்த ஆளுக்குத்தானே? உங்களுக்கு எங்க வலிக்குது?"

"தினமும் அவர் முகத்தைப் பாக்கணுமே."

"யார் முகத்தை?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கியிருந்த அந்தப் பழைய புரோகிராமைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார்.

முதல் வரியில் பதினாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. அடுத்த வரியில், 'எழுதியவர்' என்ற இடத்தில், எங்கள் மேனேஜரின் பெயர்.